பன்னிரண்டாம் வளைவில் நின்ற யானை

எங்கள் கடை மாடியில் அவள் மூன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தாள். அந்த மூன்றரை வருஷத்தில் அவள் ஒரு திருடனையும் பிடித்ததில்லை. அத்தனை திருடர்களும் அவர்களாகவே மாடிப்படி ஏறி வந்து, எடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எப்படி என்று கேட்டால் எனக்கும் முழுதாகத் தெரியாது, தெரிந்தவரையில் சொல்கிறேன். பெயரை மட்டும் போட மாட்டேன். போட்டால் பெங்களூரிலிருந்து போன் செய்து, "எண்ணே, ஒங்களுக்கு வேற சோலியே இல்லையா?" என்பாள். அப்புறம் அரை மணி நேரம் என் பிரஷர் மாத்திரையைப் பற்றி விசாரிப்பாள். வம்பே வேண்டாம்.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஏலக்காய்க் கமிஷன் கடைகள் இருக்கிற தெருவில் என் கடை. செல்போன் ரிப்பேர், ரீசார்ஜ், பழைய போன் வாங்கி விற்பது, அதோடு கேம் பெட்டி. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி ஆடுவார்களே, அந்தப் பெட்டிதான். ஏலக்காய் நல்ல விலைக்குப் போன வருஷங்களில் எங்கள் ஊரில் அதற்கு ஒரு கிராக்கி வந்தது. மலைக்கு ஜீப்பு ஓட்டுகிறவர்கள் நிறைய வாங்கினார்கள். வண்டிக்கு ஆள் சேரும்வரை ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு ஆடுவார்கள். பெரிய மீசை வைத்த ஆள் நாக்கைக் கடித்துக்கொண்டு பொம்மைக்கார் ஓட்டுவதைப் பார்க்க நன்றாக இருக்கும்.

பெட்டி விற்பதில் எனக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. பெட்டியைத் திறந்து கொடுப்பதில்தான் என் பேர் இருந்தது. கம்பெனிக்காரன் உள்ளே ஒரு பூட்டு வைத்துத்தான் அனுப்புவான். முறையாக வாங்கிய ஆட்டம் மட்டும்தான் அதில் ஓடும். நாங்கள் பெட்டியைப் பிரித்து, நகக்கண் அளவுக்கு ஒரு சிப்பை உள்ளே வைத்துப் பற்றவைத்து, அந்தப் பூட்டை ஏமாற்றிவிடுவோம். அதற்கப்புறம் எந்த ஆட்டத்தின் காப்பியை ஏற்றினாலும் ஓடும். கம்பத்திலிருந்தெல்லாம் இதற்காக என்னைத் தேடி வருவார்கள். அது திருட்டு என்று தெரியுமா என்றால், தெரியும். தெரிந்ததையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தால் ஷட்டரைத் திறக்க முடியுமா என்று இருந்துவிட்டேன்.

அவளை அந்தப் பற்றவைக்கிற வேலைக்குத்தான் எடுத்தேன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டத்து லயத்தில், கூலி ஆட்களுக்கான வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பா, அம்மா இருவரும் காய் எடுக்கிறவர்கள். தேனியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, போடியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். லீவு நாட்களில் அம்மாவோடு காய் எடுக்கப் போன விரல்கள் அவளுக்கு. ஏலச்செடியின் தூரில் முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும், பக்கத்துப் பிஞ்சில் நகம் படக் கூடாது. அதே மாதிரிதான் சிப்பையும் எடுத்து வைப்பாள். பக்கத்தில் நின்று பார்க்கிற எனக்குத்தான் மூச்சு முட்டும். வேலை முடிந்ததும் "மதி" என்பாள். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். மலையில் வளர்ந்தவர்கள் பேச்சில் இப்படி நாலு வார்த்தை கலந்து வரும்.

வந்த புதிதில், ஆடி மாதச் சாரலில், மாடிப்படியில் வைத்திருந்த அவளுடைய குடை காணாமல் போனது. நானாக இருந்தால் தெருவே கேட்கக் கத்தியிருப்பேன். அவள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். 'குடையை எடுத்துக்கொண்டவர் கவனத்துக்கு. மூன்றாவது கம்பியின் முனை கையைக் கிழிக்கும். அதற்கு மாட்டுகிற மூடி என் மேஜையில் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளவும்.'

"ஏத்தா, திருடுனவனுக்கு உபசாரமா?" என்றேன்.

"கையில கிழிச்சா செப்டிக் ஆயிரும்ணே" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அந்தக் கவலையில்தான் இருந்தாள். மறுநாள் பதினோரு மணிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் படியேறி வந்தார். ஐம்பது வயது மனிதர், கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார். குடையை மேஜையில் வைத்துவிட்டு, "மழைக்கு அவசரமா எடுத்துட்டேன் ஆத்தா, குடுக்கலாம்னுதான் இருந்தேன்" என்றார். அவள் "ஷரி மாமா" என்றாள். மூடியை மாட்டிக் குடையை அவரிடமே திருப்பிக் கொடுத்து, மழை நின்றதும் கொண்டு வரச் சொன்னாள். அதற்கப்புறம் அவள் எடுக்கிற ஜெராக்ஸுக்கு அந்த மனிதர் காசே வாங்கியதில்லை.

இன்னொரு முறை தேவாரம் ஊரிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. புதுப் பெட்டி தானாக நின்றுபோய்விட்டதாம். யாரும் கையே வைக்கவில்லையாம். கம்பெனிக்கு அனுப்பி வேறு பெட்டி வாங்கித் தர வேண்டுமாம். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது, எங்கேயோ அரைகுறை ஆளிடம் கொடுத்துத் திறந்து, உள்ளே புகைந்திருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திருப்புளியை அவர் பக்கம் நீட்டினாள்.

"அண்ணே, எனக்கு மணிக்கட்டு வலி. நீங்களே கொஞ்சம் கழட்டிக் குடுங்களேன்."

மனிதர் உற்சாகமாகக் கழற்றினார். நாலு மூலையிலும் நாலு திருகாணி. அப்புறம் கொஞ்சம்கூட யோசிக்காமல், பின்பக்கத்து ஸ்டிக்கரை நகத்தால் நெம்பி, அதற்கு அடியில் ஒளிந்திருக்கிற ஐந்தாவது திருகாணியில் திருப்புளியை வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கை அப்படியே நின்றது. அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். குடித்துவிட்டு, "கம்பத்துல ஒருத்தன்கிட்ட தெறக்கக் குடுத்தேன்மா" என்றார். முறையாகக் காசு வாங்கிக்கொண்டு அவளே சரி செய்து கொடுத்தாள். போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் மத்தியானம் பெட்டிகளை ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கீழே வந்தாள்.

"அண்ணே, போன் ரிப்பேரு எவ்வளவு வேணாலும் பாக்குறேன். இனிமே பெட்டி தெறக்கிற சோலிய நான் செய்யல."

"ஏன், என்ன வந்துச்சு இப்ப?"

"நான் சொந்தமா ஒரு ஆட்டம் செஞ்சிட்டிருக்கேன்."

"நீ செய்யி. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"நாளைக்கு என் ஆட்டத்தையும் இப்படித்தானே ஓட்டுவாக. நானே தெறந்து விட்டுட்டு நானே அழுதா நல்லாவா இருக்கும்?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. இது யார் கடை, யார் முதலாளி என்றெல்லாம் கேட்டேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். "டீ சொல்லவாண்ணே?" என்றாள். வீம்புக்கு நானே இரண்டு பெட்டியைத் திறந்தேன். இரண்டையும் கருக்கி, புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அத்தோடு அந்த வியாபாரம் என் கடையில் படுத்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அவள் செய்த ஆட்டம் ஜீப்பு ஆட்டம். போடியிலிருந்து தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் போக வேண்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவு. எதிரே லாரி இறங்கும், பனி மூடும், பின்சீட்டில் ஒரு கிழவிக்கு வாந்தி வரும். ஹாரனுக்கு ஒரு பொத்தான், லைட்டுக்கு ஒரு பொத்தான், வண்டியை அணைக்க ஒரு பொத்தான். நான் ஆடிப் பார்த்த அன்று மூன்றாவது வளைவில் எனக்கே வயிற்றைப் புரட்டியது. அவ்வளவு நிஜம்.

பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனி அதை வெளியிட ஒப்புக்கொண்டது. நிபந்தனை ஒன்றுதான். வெளியிடுகிற நாள்வரை காப்பி எதுவும் வெளியே போகக் கூடாது. போனால் ஒப்பந்தம் ரத்து. அவளுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. வீட்டில் ஒரு வருஷம் தவணை கேட்டிருந்தாள். அதற்குள் ஆட்டம் கரையேறாவிட்டால், கோயம்புத்தூரில் சித்தப்பா பார்த்து வைத்திருக்கிற கம்பெனியில் சேர்ந்து நாள் முழுக்கக் கணக்கு டைப் அடிக்க வேண்டியதுதான். அந்த வேலைக்கான கடிதம் அவள் கைப்பையிலேயே இருந்தது. ஒரு வருஷம் முடிய ஒரு மாதம்தான் பாக்கி.

ஆடிப் பார்த்துக் குறை சொல்ல மூன்று பேருக்கு, திறக்காத பெட்டியிலும் ஓடுகிற மாதிரி, காப்பி கொடுத்தாள். பெங்களூர்க்காரருக்கு ஒன்று, அவள் தம்பிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என் காப்பியில் ஓடுகிற ஜீப்பின் நம்பர் பலகையில் 47 என்று இருந்தது. என் கடைக் கதவு நம்பர் அது. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது.

"அண்ணே, இது ஒங்க கைய விட்டுப் போகக் கூடாது" என்றாள்.

"என்னைப் பாத்தா எப்படி இருக்கு ஒனக்கு?" என்றேன்.

"உள்ள ஒரு பூட்டுப் போட்டிருக்கேன். ஆனாலும் சொல்றேன்." என்ன பூட்டு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மச்சினன் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். என் மனைவியின் தம்பி, மலைக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். கறிக்குழம்பு, பேச்சு, சிரிப்பு. நம் கடைப் பிள்ளை என்ன செய்திருக்கிறது பார் என்று காட்டாமல் இருக்க முடியவில்லை. பார்த்தான். முதல் வளைவிலேயே எழுந்து நின்றுகொண்டான். "மச்சான், இது நம்ம ரோடு. இந்தா, இந்தக் கல்லு, இந்த மைல்கல்லு. மச்சான், ஒரே ஒரு காப்பி. யாருக்கும் காட்ட மாட்டேன், சாமி சத்தியம்" என்றான். அவன் பெட்டி நானே திறந்து கொடுத்த பெட்டி. ஐந்து நிமிஷ வேலை. செய்தேன். ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள். வாய் நிறையச் சோறும் மனசு நிறையப் பெருமையும் இருக்கிற நேரத்தில் மனுஷனுக்குப் புத்தி வேலை செய்வதில்லை.

எட்டு நாள் கழித்து அவளுடைய அம்மா மலையிலிருந்து போன் பண்ணினார். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் கீழே கல்லாவில் இருந்தேன், எல்லாம் கேட்டது. "ஏத்தா, நீ செஞ்ச ஜீப்பு ஆட்டத்த மெட்டுல டீக்கடையில வச்சுக் கூட்டமாப் பாக்குறாகளே, அதுக்குள்ள வெளிய விட்டுட்டியா?"

 போனை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "அண்ணே, நாளைக்கு மெட்டு வரைக்கும் போய்ட்டு வருவமா?" என்றாள்.  சரி என்று தலையாட்டினேன்.

பஸ்சில் போனோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கொண்டு வந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

மெட்டில் நல்ல பனி. டீக்கடைக்குள் பதினைந்து பேர் இருப்பார்கள். டிரைவர்கள், காய் எடுக்கிற பெண்கள், செக்போஸ்ட் ஆள் ஒருவர். ஒருவரும் பேசவில்லை. பன் பாட்டிலில் சாய்த்து வைத்த பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சார்ஜர் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் என் மச்சினன். என்னைப் பார்த்ததும் டீ கிளாசுக்குள் முகத்தை விட்டுக்கொண்டான்.

திரையில் பன்னிரண்டாம் வளைவு. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு யானை நின்றுகொண்டிருந்தது. காதை மட்டும் ஆட்டியது. நான் திறக்காத பெட்டியில் பதினேழு வளைவும் ஆடியபோது யானையே கிடையாது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இதுதான் அவள் போட்ட பூட்டு. திறந்த பெட்டியில் ஓட்டினால் பன்னிரண்டாம் வளைவில் யானை வந்து நிற்கும். ஜென்மத்துக்கும் நகராது. வழி கிடைக்காதவன் எரிச்சலில் கடைக்கு வந்து, யானை போக மாட்டேங்குது என்பான். காப்பி வைத்திருப்பதை அவன் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும். நல்ல கணக்குத்தான். ஆனால் எட்டு நாளாக ஒருவனும் வரவில்லை.

அவள் ஒரு டிரைவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். "எம்புட்டு நேரமாண்ணே நிக்கிது?"

"இதுல நேத்து சாயங்காலத்துலருந்து" என்றார் அவர் மெதுவாக. "எல்லார் பெட்டியிலயும் இதே எடத்துலதான். நல்ல யானை. ஒண்ணும் செய்யல. நிக்கிது, அம்புட்டுத்தான்."

"ஹாரன் அடிச்சுப் பாத்தீகளா?"

பதினைந்து தலையும் அவள் பக்கம் திரும்பின. "யானைகிட்ட யாராச்சும் ஹாரன் அடிப்பாகளா தாயி? நீ மலைப் பிள்ளதானே?" என்றார் அவர். "வண்டிய அமத்தியாச்சு. லைட்ட அமத்தியாச்சு. அதுவாப் போகும். அவசரப்பட்டா முடியுமா?"

எங்கள் மலையில் யானை வழிமறித்தால் அதுதான் வழக்கம். வண்டியை அணைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறவனும் இருப்பான், பிரசவத்துக்குப் போகிறவனும் இருப்பான். பட்டணத்துக்காரனுக்கு எரிச்சல் வருகிற இடத்தில் எங்கள் ஆட்களுக்குப் பொறுமை வந்துவிட்டது. திருடனுக்கென்று வைத்த பூட்டின் முன்னால் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற நேரமாக இருந்தால் நான் தரையில் உருண்டு சிரித்திருப்பேன். ஆனால் என் கண் ஜீப்பின் நம்பர் பலகையில் நின்றுவிட்டது. 47.

ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சொன்னார். "ஒத்த யானை ரோட்டுல இப்படி நிக்காது. கீழ பள்ளத்துல குட்டி ஏற முடியாமக் கெடக்கு. அது ஏறி வராம இது நகராது. அதுக்குத்தான் நாங்களும் பாத்துக்கிட்டு இருக்கோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். குட்டியைப் பற்றி முன்பே பேசி முடிவு செய்துவிட்டார்கள் போல. அவள் அந்த அம்மாவையே பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்தாள். அவள் பார்வை நம்பர் பலகையில் ஒரு நிமிஷம் இருந்துவிட்டு நகர்ந்தது. யாரிடமும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. டீ வாங்கிக் குடித்தாள். எல்லோரோடும் சேர்ந்து அரை மணி நேரம் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வருகிற பஸ்சில் என்னோடு எதையெதையோ பேசினாள். சித்தி வீட்டுப் பூனை, மாதுளம்பழ விலை, தம்பிக்கு வந்த அம்மை. வேர்க்கடலை வாங்கி எனக்குப் பாதி கொடுத்தாள். எனக்கு ஒரு பருப்பு உள்ளே இறங்கவில்லை. கேட்டுத் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பெங்களூருக்குக் கடைசிப் பிரதியை அனுப்ப வேண்டும். அதோடு, காப்பி எதுவும் வெளியே போகவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். அவள் மேஜையில் ஒரு பக்கம் அந்தத் தாள், இன்னொரு பக்கம் கோயம்புத்தூர்க் கடிதம். இரண்டிலும் கையெழுத்து இல்லை. நான் ஏதாவது சாக்கில் மாடிக்குப் போய்ப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை ஷட்டரைத் தூக்கினதும் தாங்கவில்லை. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சொல்லிவிட்டேன்.

"ஆத்தா, குடுத்தது நான்தான். என் மச்சினனுக்கு. பெருமையில குடுத்துட்டேன்."

"தெரியும்ணே."

"எப்படி?"

"ஒவ்வொரு காப்பிக்கும் ஒவ்வொரு வண்டி நம்பர் போட்டிருந்தேன்."

கதவு நம்பர் என்று நான் குளிர்ந்துபோன அந்த 47 இதற்காகத்தானா என்று இருந்தது. "தெரிஞ்சுமா மூணு நாளா வாயத் தெறக்கல?" என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது, பாருங்கள்.

"கேட்டா இல்லம்பீங்க. நானும் நம்புன மாதிரி நடிக்கணும். அப்புறம் இந்தக் கடையில நம்ம ரெண்டு பேரும் எப்படி ஒக்காந்து டீக் குடிக்கிறது?" என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். ஐம்பத்திரண்டு வயதில் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நானே எழுதுறேன் பெங்களூருக்கு. ஒன் மேல தப்பில்லன்னு" என்றேன்.

"ரெண்டு பேருமா எழுதுவோம்" என்றாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீசில் அடித்தாள். எதையும் மறைக்கவில்லை. கறிக்குழம்பைக்கூட எழுதச் சொன்னேன், அவள்தான் வேண்டாம் என்றுவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் பெங்களூர்க்காரர் போன் செய்தார். நல்லவேளை, தமிழர். ஆனால் குரல் கறாராக இருந்தது.

"எத்தனை பேர்கிட்ட இருக்கு?"

"முப்பது நாப்பது பேரு இருக்கும் சார்" என்றாள்.

"அதுல எத்தனை பேர் பன்னிரண்டாம் வளைவைத் தாண்டினாங்க?"

"ஒருத்தரும் தாண்டல சார்."

"பூட்டை உடைக்க முயற்சி பண்ணியிருப்பாங்களே?"

"இல்ல சார். காத்துக்கிட்டு இருக்காக. கீழ குட்டி இருக்குன்னு."

  அவள் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த பிடியில் விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. அப்புறம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. யாரையோ கூப்பிட்டு அவர்களிடமும் சொல்லிச் சிரித்தார். திரும்ப வந்து, "சரிம்மா, அந்தக் குட்டி வருமா?" என்றார்.

"வாங்குனவங்களுக்கு வரும் சார்" என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கடைசிப் பிரதிக்கு அவர் இன்னும் பத்து நாள் தவணை கொடுத்தார்.

போனை வைத்ததும் கோயம்புத்தூர்க் கடிதத்தை என்னிடம் நீட்டினாள். "சித்தப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒங்க மூளைய வச்சு யோசிங்கண்ணே. எனக்கு நெறையச் சோலி கெடக்கு" என்று மாடிக்கு ஓடினாள். பத்து நாள் அவளைச் சாப்பாட்டுக்குக் கீழே இறக்குவதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

ஆட்டம் வெளிவந்த அன்று சங்கதி எங்களுக்கு முந்தி மலைக்குப் போய்விட்டது. வாங்கின ஆட்டத்தில் குட்டி வருகிறதாம். மறுநாள் காலை கடை வாசலில் ஏழெட்டு ஜீப்பு. முதலில் என் மச்சினன் வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைக் கல்லாவில் வைத்தான்.

"மச்சான், காசு குடுத்து வாங்கிட்டேன். ஆனா பெட்டி தெறந்த பெட்டின்னு யானை இன்னும் நிக்கிது. இத மூடித் தர முடியுமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. இத்தனை வருஷத்தில் திறக்கச் சொல்லித்தான் வந்திருக்கிறார்கள். மூடச் சொல்லி ஒருவர் வந்ததில்லை. அன்றைக்கு நான் திருகாணி கழற்ற, அவள் சிப்பை எடுத்து உள்ளதைப் பழையபடி ஆக்க, நான் மறுபடி மூடி ஸ்டிக்கர் ஒட்டினேன். நாலைந்து பெட்டிகள் என் பழைய கைவேலையால் மூடவே முடியாமல் போயின. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். வரிசையில் வந்த ஒவ்வொருவரும் அவளிடம் பெட்டியை நீட்டும்போது, யாரும் கேட்காமலே, "மொதல்ல ஓசியிலதான் ஆடுனேன் ஆத்தா" என்றார்கள். அவள் "ஷரிண்ணே, இங்கிட்டு வைங்க" என்றாள்.

முதலில் மூடின பெட்டியில் என் மச்சினன் கடைக்குள்ளேயே வண்டியை எடுத்தான். பின்னால் எல்லோரும் நின்றார்கள். பன்னிரண்டாம் வளைவு. யானை. வண்டியை அமத்தினான், லைட்டை அமத்தினான். பனி. வெகு நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ரோட்டோரத்தில் ஒரு சின்னத் தலை தெரிந்தது. சறுக்கி உள்ளே போனது. மறுபடி வந்தது. பெரிய யானை தும்பிக்கையைக் கீழே விட்டது. குட்டி தட்டுத்தடுமாறி மேலே ஏறி, அதன் காலுக்கடியில் புகுந்துகொண்டது. இரண்டும் ரோட்டைத் தாண்டி ஏலக்காட்டுக்குள் போயின. "போ ஆத்தா, போ" என்று யாரோ முணுமுணுத்தார்கள். நானும் கூடச் சேர்ந்து போ, போ என்றேன். பொம்மை யானைதான், தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

ரோடு காலியாக இருந்தது. மச்சினன் வண்டியைக் கிளப்பவில்லை.

"கெளப்பு மாப்ளே, வழி விட்டுருச்சுல்ல" என்றேன்.

"இருங்க மச்சான். ஒண்ணு போனா பின்னாலயே கூட்டம் வரும். அதுக்குள்ள எடுக்கக் கூடாது" என்றான். நின்றவர்கள் அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றிருந்தாள். என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "எண்ணே, நான் ரெண்டு யானைதான் எழுதினேன். இன்னும் எதுவும் வராது" என்றாள்.

"நீ போய்ச் சொல்லு" என்றேன்.

"நீங்க சொல்லுங்க" என்றாள்.

நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலியான அந்த ரோட்டை அவளும் பார்க்க ஆரம்பித்தாள்.